சிஆர்டி மானிட்டருக்கு அடாப்டரா, பழைய கார்டா?

சிஆர்டி, அதாவது பழைய குழாய்த்திரை மானிட்டரை மாட்ட இன்றைய கிராபிக்ஸ் கார்டில் நீல விஜிஏ சாக்கெட்டைத் தேடாதீர்கள். என்விடியா 2016-இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையோடு விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் வெளியீட்டையே கைவிட்டது. மிச்சம் இரண்டு வழி.

மலிவான எச்டிஎம்ஐ அடாப்டர் என் 17 அங்குல மானிட்டருக்குத் தாராளம். 1024x768-ஐ 85 ஹெர்ட்ஸில் ஓட்ட 94.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (புள்ளிகளை அனுப்பும் வேகம்) போதும். 60-இல் மட்டும் விடாதீர்கள். வெள்ளைப் பக்கம் பழைய டியூப்லைட் போலத் துடிக்கும், அரை மணியில் தலைவலி. ஆனால் பெரிய மானிட்டரில் 1600x1200, அதே 85 என்றால் 229.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அங்கே இந்த அடாப்டர்கள் கைவிரித்துவிடும். டிஸ்ப்ளேபோர்ட்டில் வரும் நல்ல ரகம்தான் தாங்கும்.

இரண்டாவது வழி பழைய கார்டு. ஜிடிஎக்ஸ் 980 டிஐ-யில் 400 மெகாஹெர்ட்ஸ் ராம்டாக் (டிஜிட்டல் படத்தை அனலாக்காக மாற்றும் பகுதி) உள்ளேயே இருக்கிறது. அனலாக்கும் தரும் டிவிஐ-ஐ சாக்கெட்டில் விஜிஏ-வாக மாற்றும் சின்ன பிளக் மாட்டினால் எழுத்து கத்திபோல் விழும். ஆனால் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும், 250 வாட் இழுக்கும்.

21 அங்குலம் வைத்திருப்பவர் கார்டைத் தேடலாம். நான் அடாப்டரோடு நிறுத்திக்கொண்டேன். மூலையில் நிறத்திட்டு தெரிந்தால் இரண்டையும் பழிக்காமல், பக்கத்து ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு மானிட்டரில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீகாஸ் பட்டனை அழுத்துங்கள்.