பழைய டீசல் எஸ்யூவி: முதல் வருடத்தில் 1,41,000 ரூபாய் எங்கே போனது?

2014 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்றைப் போன வருடம் கோயம்புத்தூரில் 4,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, நான் மூன்றாவது ஓனர். கம்பெனி பெயர் போடவில்லை, ஒரே ஒரு பழைய வண்டியை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடுவது நியாயமில்லை. 1.5 லிட்டர் இன்ஜின், உள்ளே காற்றை அழுத்தி அனுப்ப டர்போ, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்க டைமிங் பெல்ட். ஓட்டுவதற்கு அருமையான வண்டி, மோசமான ரோட்டிலும் பின்சீட்டில் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

முதலில் டர்போ கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை, பின்னால் கறுப்புப் புகை, கூடவே உஸ்ஸென்று காற்று போகிற சத்தம். ஊர் திரும்பி ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார்கள், டர்போ போய்விட்டது, 62,000 ஆகும் என்றார்கள். ஒரு பார்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்? மனசு ஒப்பவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு நண்பர் சொன்ன ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன்.

அந்த மெக்கானிக் டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. அப்புறம் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார், விரலில் கறுப்பாக ஆயில். கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை வளைத்ததும் அடிப்பக்கம் கட்டைவிரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. சும்மா நிற்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், பிரஷர் ஏறினால்தான் திறக்கும். சென்சார் அளந்து அனுப்பிய காற்று பாதி வழியில் வெளியே போய்விடுகிறது, ஆனால் டீசல் அந்தக் கணக்குப்படியே விழுகிறது, அதனால்தான் கறுப்புப் புகை. “டர்போ நல்லாத்தானுங்க இருக்குது, ஹோஸ்தான் போச்சு” என்றார். மொத்தம் 3,400 ரூபாய். இன்றுவரை அதே டர்போ.

டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் அவர் அப்படித்தான் சோதித்தார். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பிலும் ஆளுக்கொரு சின்ன பாட்டிலை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார், மூன்றாவது பாட்டில் மட்டும் மளமளவென்று நிறைந்தது, அந்த இன்ஜெக்டரில்தான் கசிவு. நான்கையும் மாற்றச் சொல்லவில்லை, அந்த ஒன்றை மட்டும் சர்வீஸ் செய்ய 9,500.

பெரிய அடி கிளட்ச்சில்தான். இன்ஜினை ஆஃப் செய்யும்போது அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், வாங்கிய நாளிலேயே இருந்தது, டீசல் வண்டி என்றால் இப்படித்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். அது கிளட்ச்சை ஒட்டியிருக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்ற பாகத்தின் சத்தம். டீசல் அதிர்வைத் தாங்குவதற்காக இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த அமைப்பு, அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் இந்தச் சத்தம் வரும். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும், இறக்கிய பிறகு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம், இல்லையென்றால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். 64,000 ஆனது. சத்தத்தைக் கவனித்திருந்தால் விலையிலேயே ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டிருப்பேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

டைமிங் பெல்ட்டை யாரும் சொல்லாமல் நானே மாற்றிவிட்டேன். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லை, அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், இன்ஜின் தலையைத் திறக்க வேண்டியிருக்கும். டென்ஷனர், வாட்டர் பம்ப் சேர்த்து 13,500. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு 8,600. ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் 9,000. டயர் நான்கும் 33,000, பட்டன் (டயரின் மேல்வரி) தேயாமல் நிறைய இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 2416 என்று போட்டிருந்தது, அதாவது 2016-ல் 24-வது வாரம் தயாரித்தது. ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கப் போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், ஏனென்றால் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது செய்யும் கோல்ட் ஸ்டார்ட்டில்தான் இன்ஜெக்டரும், ஸ்டார்ட்டுக்கு முன் உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கும் உண்மையைச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு கோட்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கோட் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது, கோட்களை அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் பல வண்டிகளில் அது காட்டும். அங்கே 20 கிலோமீட்டர் என்று வந்தால் நேற்றுத்தான் அழித்திருக்கிறார்கள்.

என் வண்டிக்கு இந்த ஒரு வருடத்தில் ஆனது மொத்தம் 1,41,000. இன்றைக்கும் இதே வண்டியை வாங்குவேன், ஆனால் நான்கு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டேன். இப்போது வலது முன்பக்க ஸ்ட்ரட் மவுன்ட்டில் (சஸ்பென்ஷனை மேலே பாடியோடு பிடிக்கும் இடம்) ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம் ஆரம்பித்திருக்கிறது. சனிக்கிழமை அதே ஷெட்டில் விடுகிறேன்.