முதல் வாடகை வீடு: ஓஎம்ஆர் ஃபிளாட்டா, திருப்பூர் லைன் வீடா, சொந்த வீட்டு மாடியா?

கையில் பதினெட்டு, இருபது லட்சம் சேர்ந்துவிட்டால் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப் போடலாமா என்ற பேச்சு நம் வீடுகளில் தானாக வந்துவிடும். மூன்று வழிகள்தான் பெரும்பாலும் பேசப்படும். சென்னையில் கடன் வாங்கி ஒரு ஃபிளாட், தொழில் நகரம் ஒன்றில் லைன் வீடு (ஒரே காம்பவுண்டில் வரிசையாகச் சில குடித்தனங்கள்), இருக்கும் வீட்டின் மேல் மாடி கட்டி விடுவது. மூன்றையும் ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன்: எல்லாச் செலவும் போக வருஷத்துக்கு எவ்வளவு மிஞ்சும், அதை மிஞ்ச வைக்க யார் ஓட வேண்டும்?

கீழே வரும் விலையும் வாடகையும் கணக்குப் போட்டுக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தெருவின் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாட்டில் தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். சென்னையின் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் சாலையில் இரண்டு படுக்கையறை, கைமாறும் வீடு, 60 லட்சம் என்று வைப்போம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.4 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அதாவது 48 லட்சம் கடன், 12 லட்சம் உங்களுடையது. பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது. ஆக, 17.4 லட்சம் கையிலிருந்து போய்விடும். அதற்குப் பிறகுதான் புரோக்கர் கமிஷன், பெயின்ட், ஃபேன், கொசு வலை.

48 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருஷத் தவணை மாதம் சுமார் 41,600 ரூபாய். வாடகை 18,000 வந்தால் மாதாமாதம் 23,000-க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். தவணையைத் தனியாக வைத்துவிட்டு வாடகையை மட்டும் பார்ப்போம். வருஷத்தில் ஒரு மாதம் காலி, அந்த மாத மெயின்டனன்ஸ் உங்கள் தலையில், சொத்து வரி, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 1.78 லட்சம் அளவில். போட்ட மொத்த 65.4 லட்சத்துக்கு அது 2.7 சதவீதம். வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டியைவிட இது மிகக் குறைவு. விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் இந்த வாங்கலைத் தாங்குகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோவைக் காட்டி விற்பார்கள். அந்த மெட்ரோ வரப்போவது விற்பவருக்கும் தெரியும், விலையில் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்.

அப்புறம் அந்தப் பழைய வாக்கியம்: "வரி மிச்சம் சார்." பழைய வரி முறையில் வாடகை வீட்டுக் கடன் வட்டியால் வரும் நஷ்டத்தில் வருஷம் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் வாடகை வருமானத்துக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாமே தவிர, மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பு நிலை, அதாவது பழையது வேண்டும் என்று நீங்களாகக் கேட்காவிட்டால் அதுதான். எனவே நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று கேட்காமல் வரி மிச்சம் பேசுகிறவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபிளாட்டின் நல்ல பக்கமும் உண்டு. படித்த குடித்தனக்காரர், வங்கிக் கணக்கில் வரும் வாடகை, மோட்டாரையும் லிஃப்டையும் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம். வெளியூரில் இருப்பவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வாங்கும் முன் பத்திரத்தில் யுடிஎஸ், அதாவது மொத்த மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், விலை ஏறுவது அந்தப் பிரிக்கப்படாத நிலத்துக்குத்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

இப்போது லைன் வீடு. திருப்பூர் புறநகரில் நான்கு குடித்தனம், ஒவ்வொன்றும் ஒரு ஹால், சமையலறை, பாத்ரூம். நிலம், கட்டடம், பதிவு எல்லாம் சேர்த்து 48 லட்சம், குடித்தனத்துக்கு 5,500 வாடகை என்று வைப்போம். வருஷம் 2.64 லட்சம். பத்து சதவீதம் காலி, ரிப்பேர், வரி போக 2.1 லட்சம் மிஞ்சும். அதாவது 4.4 சதவீதம். ஃபிளாட்டைவிட விலை குறைவு, மிச்சம் அதிகம், நிலம் முழுக்க உங்களுடையது. ஒரு வீடு காலியானாலும் மற்ற மூன்று வீடுகளின் வாடகை வந்துகொண்டிருக்கும். ஃபிளாட்டில் ஒருவர் காலி செய்தால் அந்த மாதம் பூஜ்யம்.

ஆனால் அந்த 4.4-ஐ உழைத்துத்தான் எடுக்க வேண்டும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். ஒன்றாம் தேதி என்று எழுதி வைத்தாலும் வாடகை கைக்கு வருவது அந்த வாரச் சனி இரவோ ஞாயிறு காலையோதான். அங்கே ஆள் போய் நிற்க வேண்டும். நான்கு குடித்தனத்துக்கும் ஒரே ஈபி கனெக்‌ஷன் இருந்தால் சண்டை நிச்சயம். எல்லோர் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து, கட்டணம் கூடிய மேல் ஸ்லாபுக்குப் போகும். சப்-மீட்டர் வைத்து உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். பக்கத்துக் காம்பவுண்டில் தனி மீட்டர் வைத்திருப்பவருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதைப் பார்த்துவிட்டு இவர்கள் காலி செய்வார்கள். வாங்கும்போதே தனித்தனி மீட்டர் இருக்கிறதா என்று சுவரைப் பாருங்கள். செப்டிக் டேங்க் மூடி எங்கே, லாரி உள்ளே வர வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நான்கு குடும்பம் புழங்கும் இடத்தில் அது நிறைந்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க முடியாது.

இன்னொரு ஆபத்து, ஊரே ஒரு தொழிலை நம்பி இருப்பது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு விழுந்த அடி, ஷிஃப்ட் குறைந்து தொழிலாளர் குடித்தனம் வரை போகும் வகையானது. ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினால் அறைகள் மொத்தமாகக் காலியாகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு பாடம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகளோடு விடுதி திறந்தார்கள். தொழிலாளர்களுக்கு அது மிக நல்ல விஷயம். ஆனால் தொழிற்சாலைப் பெண்களை மட்டும் நம்பி அங்கே அறை கட்டியவர் தன் கணக்கைத் திரும்பப் போட்டாக வேண்டும்.

மூன்றாவது வழியை யாரும் முதலீடு என்றே சொல்வதில்லை. சொந்த வீட்டின் மேல் 700 சதுர அடி. சதுர அடிக்கு 2,400 என்றால் 16.8 லட்சம், வெளிப் படிக்கட்டு, தனி மீட்டர், தண்ணீர்த் தொட்டி சேர்த்து 18 லட்சம். மாதம் 10,000 வாடகைக்குப் போனால் வருஷம் 1.2 லட்சம், அது 6.7 சதவீதம். காலி, ரிப்பேர் எல்லாம் போனாலும் ஐந்துக்குக் கீழே இறங்குவது கஷ்டம். காரணம் எளிது: நிலத்துக்குக் காசு கொடுக்கவில்லை, பத்திரப் பதிவுச் செலவும் இல்லை. குழாய் ஒழுகினால் கீழே இருக்கும் உங்களுக்கு அன்றைக்கே தெரியும். முதன்முதலாக வாடகைக்கு விடுகிறவர் குடித்தனக்காரரிடம் பேசவும், ஒப்பந்தம் எழுதவும், அட்வான்ஸைத் தொடாமல் வைக்கவும் கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. இடம் இருந்தால் இதுதான் முதலில் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தடை மூன்றுதான். அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. வரைபட அனுமதி வாங்கியே கட்ட வேண்டும். இன்னொன்று மனசு சம்பந்தப்பட்டது. வாசலில் இன்னொரு குடும்பத்தின் பைக் நிற்பது வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் சோம்பல் வேண்டாம். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டுப் புதிய வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாதம்தானே என்று விட்டுவிட முடியாது. தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். சென்னையின் பத்து மாத அட்வான்ஸைக் கணக்கில் வைத்துக் கடனை அடைக்கத் திட்டம் போடாதீர்கள், அது திருப்பித் தர வேண்டிய பணம். வரியில் ஒரு நல்ல செய்தி: சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைச் செலவு ரசீது எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். மூன்று வகை வீட்டுக்கும் இது பொருந்தும்.

மாடியும் இல்லை, திருப்பூர் போய்வரவும் முடியாது, துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறீர்கள் என்றால்? ஃபிளாட் சரிதான், ஆனால் கடனைப் பாதியாகக் குறைத்து வாங்குங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் வரி பிடித்துக் கட்ட வேண்டும், உள்ளூர் உரிமையாளருக்கு மாதம் 50,000-க்கு மேல் வாடகை என்றால்தான் வரி பிடிப்பு என்ற வரம்பு அங்கே உதவாது. அந்த வேலைக்குச் சம்மதிக்கும் குடித்தனக்காரரைத்தான் தேட வேண்டும். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் ரெய்ட் யூனிட் இருக்கிறது: பலரின் பணத்தைச் சேர்த்து வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளையில், பங்கு போல வாங்கும் சின்னப் பகுதி. இந்தியாவில் முதல் ரெய்ட் 2019-ல் சந்தைக்கு வந்தது. 2021-லிருந்து ஒரு யூனிட்டாகவே வாங்கலாம். பகிர்ந்தளிக்கத் தக்க பணத்தில் 90 சதவீதத்தையாவது அவர்கள் கொடுத்தாக வேண்டும். விலை பங்குச் சந்தையில் ஏறி இறங்கும். மாடி கட்டவோ சுவர் இடிக்கவோ உங்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் ஓடவில்லை என்று யாரும் போன் செய்ய மாட்டார்கள்.