மீன்பிடி கொஞ்சம், அரட்டை நிறைய: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்

இணையத்தில் பல பேர் ஒன்றாக ஆடும் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் கேமைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்கு அதில் எதுவுமே நடக்காது. அக்கா மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன மாமா, இவன் சும்மாவே நிக்கிறான்?” என்றான்.

“மீன் பிடிக்கிறான்டா.”

“எப்ப முடியும்?”

“லெவல் 99 ஆகும்போது.”

அவன் வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை. லெவல் 99 என்றால் 1,30,34,431 அனுபவப் புள்ளிகள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: பாதித் தூரம் தாண்டுவதே 92ஆம் லெவலில்தான். “அப்பாடா, இன்னும் ஏழே லெவல்” என்று மூச்சு விட்டால், இதுவரை வந்த வழி அவ்வளவையும் இன்னொரு தடவை நடக்க வேண்டும். இது ஒரே ஒரு திறனுக்கு. மரம் வெட்டுதல், சமையல், கொல்லு வேலை என்று 23 திறன்கள் இருந்தன. 2025 நவம்பரில் கடலோடுதலும் சேர்ந்து 24 ஆகிவிட்டது.

இவ்வளவு மந்தமான கேமை எதற்குச் சிபாரிசு செய்கிறாய் என்று கேட்டால், என் பதில் அந்த மந்தம்தான். கை சும்மா இருந்தால்தான் வாய் பேசும். இந்தக் கேமில் எதை மதிப்பிட்டாலும் ‘இது ஆட்களைப் பேச வைக்கிறதா?’ என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். சண்டைக்காக ஆடுகிறவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாக உதவாது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தின் கவர் சகோதரர்கள் 2001 ஜனவரியில் ரூன்ஸ்கேப்பை வெளியிட்டார்கள். அப்போது அது பிரவுசரிலேயே ஜாவாவில் ஓடும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். வீட்டில் இருந்த ஓட்டைக் கம்ப்யூட்டரே அதற்குப் போதும். 2004இல் இரண்டாம் வடிவம் வந்தது. நானும் அண்ணனும் நுழைந்தது அதற்குப் பிறகுதான். 2007 கடைசியில் தொடங்கி 2008 ஜனவரிக்குள், கேம் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்கிறவர்களை ஒடுக்குகிறேன் என்று, நினைத்ததை நினைத்தவருக்குக் கொடுக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். வைல்டர்னெஸ் காட்டில் ஆளோடு ஆள் மோதும் பழைய சண்டையும் அதோடு போயிற்று. இரண்டும் 2011 பிப்ரவரியில்தான் திரும்பின. 2012 நவம்பரில் சண்டை முறையையே தலைகீழாக மாற்றியபோது பழைய ஆட்கள் கொதித்துவிட்டார்கள். நல்லவேளையாக 2007 ஆகஸ்ட் மாதத்து நகல் ஒன்று சேமிப்பில் கிடந்திருக்கிறது. ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்து, அந்த நகலை 2013 பிப்ரவரியில் தனி கேமாக விட்டார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். இன்றைக்கும் புதிதாகப் பெரிதாக எதைச் சேர்ப்பது என்றாலும் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பார்கள். 70 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும்.

சரி, மீனுக்கு வருவோம்.

போர்ட் சாரிம் துறைமுகத்தில் 30 காசு கொடுத்தால் கப்பல் கரம்ஜா தீவில் இறக்கிவிடும். அங்கே ஒரு மரப்பாலம், அதைச் சுற்றிக் குமிழி விடும் இடங்கள். மீன்பிடி லெவல் 40 ஆனவர்கள் லாப்ஸ்டர் கூடையோடு வந்து அங்கே நிற்பார்கள். பையில் மொத்தம் 28 கட்டம். கூடைக்கு ஒன்று, காசுக்கு ஒன்று போனால் 26 லாப்ஸ்டர். பை நிறைந்ததும் மறுபடி கப்பல். ஏறும் முன் சுங்க அதிகாரி பையைச் சோதிப்பார், தீவிலிருந்து ரம் கடத்துகிறோமா என்று. (கடத்தச் சொல்லி ஒரு க்வெஸ்டே, அதாவது கேம் நமக்குத் தரும் பணியே உண்டு. பாட்டிலை வாழைப்பழப் பெட்டிக்குள் ஒளித்து அனுப்ப வேண்டும். அந்த க்வெஸ்டை எழுதியவர் கையைக் குலுக்க வேண்டும்.) இறங்கி டிரேநோர் வங்கி வரை நடந்து, போட்டுவிட்டு, திரும்ப வந்து மறுபடி 26.

பாலத்தில் எப்போதும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மஞ்சள் எழுத்தில் வாக்கியம் தோன்றும், சில நொடியில் மறையும். ஒரு வரியில் 80 எழுத்துக்கு மேல் போகாது. என்னுடைய ஆங்கிலத்துக்கு அது பெரிய உபகாரம்; 80 எழுத்துக்குள் இலக்கணத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெயருக்குப் பின்னால் நான்கு எண்களை ஒட்டி வைத்திருந்த ஒருவர் தினமும் அதே மூலையில் நிற்பார். இரவுக் காவல் வேலையில் இருப்பதாகச் சொன்னார். நான் கல்லூரியில் படிப்பதாகச் சொன்னேன். இரண்டில் ஒன்றாவது பொய் என்பது எனக்குத் தெரியும். அப்போது நான் எட்டாம் வகுப்பு. பேசியதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அவர் ஊரில் மழையா, இன்றைக்கு எந்த லெவல், ரூன் கவசம் வாங்க எவ்வளவு சேர்ந்தது, இவ்வளவுதான். அவர் ஒருநாள் வராவிட்டால் மற்றவர்கள் விசாரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் மீன் இருக்கும் இடம் திடீரென்று சுழலாக மாறும். கவனிக்காமல் இருந்தால் கூடையை விழுங்கிவிடும். எல்லாரும் அரைக்கண்ணோடு இருக்கிறவர்கள்தானே, அதனால் முதலில் பார்த்தவர் ‘சுழல்!’ என்று கத்திவிடுவது பாலத்தின் எழுதாத சட்டம். இன்றைய ஓல்ட் ஸ்கூலில் அந்தத் தொல்லை இல்லை. ஆட வசதிதான், ஆனால் பக்கத்தில் நிற்பவரை நம்பியிருக்க ஒரு காரணம் குறைந்துவிட்டது.

இதே கணக்கில் நான் மதிப்பெண் குறைக்கும் இன்னொரு இடம் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை. முன்பு பிடித்த மீனை விற்க வாரக் நகரத்தின் மேற்கு வங்கிக்குப் போய்ப் போட்டி போட்டுக் கத்த வேண்டும். எழுத்து அலை அலையாக ஆடவும், நிறம் மாறி மினுக்கவும் முன்னால் தட்டும் குறியீட்டுச் சொல் எல்லாம் உண்டு. வாங்குபவர் கிடைத்தால் பேரம். ஒத்துவந்தால் இரண்டு திரையில் இரண்டு முறை சம்மதம் சொல்ல வேண்டும். அப்படியும் ஏமாற்றுக்காரர்கள் பஞ்சமில்லை. உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், கையில் கொடு என்பார்கள். அப்படிக் கரை போடும் வேலையே கேமில் கிடையாது. கரை போட்ட கவசம் புதையல் வேட்டையில் மட்டும்தான் வரும். ஓல்ட் ஸ்கூலில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் 2015இல் வந்தது. பொருளைப் போட்டு, விலையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற, இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஆளாக எனக்கு அது இல்லாமல் ஆகாது. சந்தையில் கத்திப் பழகியவனாக அதைப் பார்த்தால் எரிச்சலாகவும் வருகிறது. நூறு பேர் ஒரே சதுக்கத்தில், ஆளுக்கொரு விலைப்பட்டியலைப் பார்த்தபடி, வாய் திறக்காமல்.

நடுவில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு இணைய கேமும் ஆடியிருக்கிறேன். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அதன் ஆரம்ப காலத்தில் 40 பேர் சேர்ந்து இறங்கும் ரெய்டு உண்டு. அந்தப் பிரமாண்டம் ரூன்ஸ்கேப்பில் கிடையாது. ஆனால் அங்கே காதில் விழுவதெல்லாம் வேலைப் பேச்சு. இடப்பக்கம் நகரு, இப்போ அடி, யார் குணப்படுத்துவது. ரெய்டு முடிந்தால் ஆளுக்கொரு திசை. அந்த 40 பேரில் ஒருவர் ஊரில் மழையா வெயிலா என்று எனக்குத் தெரியாது.

சண்டை என்றால் ரூன்ஸ்கேப்பில் ஒரே ஒரு சண்டை எனக்கு மறக்காது: ஃபைட் கேவ்ஸ் குகை. 63 அலைகள். கடைசி அலையில் டிஸ்டோக்-ஜாட் என்ற பூதம் மட்டும் வரும், லெவல் 702. அதன் ஓர் அடி 97 வரை போகும். நம் உயிரே அதிகபட்சம் 99. தப்பிக்க ஒரே வழி, அது எந்த வகையில் தாக்கப் போகிறது என்பதை உடம்பு அசைவில் படித்து, அந்த வகை அடியைத் தடுக்கும் பிரார்த்தனைக்குச் சட்டென்று மாற்றுவது. பின்னங்காலில் எழுந்து முன்னங்காலைத் தொங்கவிட்டால் மந்திரத் தாக்குதல். முன்னங்காலைத் தரையில் குத்தினால் தூரத் தாக்குதல். தலைக்கு மேலிருந்து பாறை விழும்.

இதெல்லாம் தனி ஆளாக ஆட வேண்டியது. எங்கள் வீட்டில் இரண்டு பேராக ஆடினோம். மவுஸ் என் கையில், அண்ணன் பக்கத்து நாற்காலியில் ஜாட்டின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு, “தொங்குது! தொங்குது! குத்து! தொங்குது!” என்று கூவிக்கொண்டே இருப்பான். எங்களுக்கு இணைய இணைப்பு கொடுத்த புண்ணியவான்கள் தயவில் படம் அடிக்கடி உறைந்து நிற்கும், அப்போது “ஏதோ ஒண்ணு!” என்பான். ஜாட்டின் உயிர் பாதியானதும் அதைக் குணப்படுத்த நான்கு குட்டிகள் ஓடிவரும். அவற்றை ஆளுக்கொரு அடி கொடுத்து நம் பக்கம் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் அண்ணனும் குட்டிகளைப் பார்த்துவிட்டான், கூவலே இல்லை. நான் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அமுக்கினேன், அது சரியானதாக இருந்தது. ஜாட்டை வென்றால் கிடைக்கும் ஃபயர் கேப் என்ற மேலங்கி என் கணக்கில் ஏறியது. அது தன்னுடையது என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறான்.

இப்போது போய்ப் பார்த்தாலும் ஜாட் அதே ஜாட்தான். கேமின் இதயத்துடிப்பும் அதேதான்: எல்லாம் 0.6 நொடிக்கு ஒருமுறை நகரும். நீங்கள் எவ்வளவு வேகமாகச் சொடுக்கினாலும் சர்வர் அந்த இடைவெளியில்தான் கணக்கெடுக்கும். இணைப்பு சுமாராக உள்ளவர்களும் ஓரளவு சமமாக ஆட முடிவது அதனால்தான். கம்ப்யூட்டரில் ஆடுவதென்றால் ரூன்லைட் என்ற வெளியார் மென்பொருள் வழியாகப் போங்கள். அனுமதிக்கப்பட்டதுதான், வரைபடக் குறிப்பு, நேரக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. மொபைலுக்கு 2018 அக்டோபரில் வந்தார்கள். தனி சர்வர் இல்லை, அதே உலகம், அதே கணக்கு. என்ன, போனில் ஆடுகிறவர் டைப் அடிக்கச் சோம்பல்படுவார். வில்லோ மரத்தடியில் ‘வணக்கம்’ போட்டால் பத்தில் ஒருவர் பதில் சொன்னால் அதிர்ஷ்டம். பாதிப் பேர் இன்னொரு திரையில் வீடியோ பார்க்கிறார்கள், சிலர் ஆட்களே இல்லை, தானாக ஆடும் பாட் நிரல்கள்.

இதைத் தயாரிப்பவர்களும் கவனித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 2023இல் ஃபாரெஸ்ட்ரி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரே மரத்தைப் பல பேர் சேர்ந்து வெட்டினால் ஆளுக்கொரு லெவல் வீதம், பத்து வரைக்கும் எல்லாருக்கும் மறைமுகமாகக் கூடும். முன்பு மரத்தடியில் இன்னொருவர் வந்தால் ‘வேற மரம் பாருப்பா’ என்போம். இப்போது ஆளைப் பார்த்ததும் ஓடிவருகிறார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது, பேச்சு இன்னும் சேரவில்லை. ஆனாலும் திசை சரி. கடலோடுதலில் நண்பரைப் படகில் ஏற்றிக்கொள்ளலாம் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது, நடுக்கடலில் இறங்கி ஓட முடியாது அல்லவா.

புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் இலவசமாகவே ஆடிப் பாருங்கள். லம்பிரிட்ஜ் சமையல்காரருக்கு முட்டை, பால், மாவு கொண்டுவந்து கொடுக்கும் க்வெஸ்டிலிருந்து, க்ராண்டோர் தீவின் எல்வார்க் டிராகனைக் கொன்று ரூன் மார்க்கவசம் அணியும் உரிமை பெறும் க்வெஸ்ட் வரை அதிலேயே இருக்கிறது. அதுவரை தாங்கினால் சந்தா கட்டி மெம்பர் ஆவதைப் பற்றி யோசிக்கலாம். பாதியில் கொட்டாவி வந்தால் காசு மிச்சம். தனியாக மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு கிளானில், அதாவது ஆட்டக்காரர்கள் குழுவில் சேருங்கள், இல்லையென்றால் தெரிந்தவர்களை இழுத்து வாருங்கள்.

தெரிந்தவர்கள் கிடைத்தால் குரூப் அயர்ன்மேன்தான் என் தேர்வு. 2021இல் வந்த முறை. இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை ஒரு குழு. வெளியாரிடம் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் பக்கமே தலைவைக்க முடியாது. ஒருவர் மீன் பிடித்தால் இன்னொருவர் கவசம் அடிக்க வேண்டும், யார் எதைச் செய்வது என்று பேசியே ஆக வேண்டும். அண்ணன் இப்போது வேறு நாட்டில் இருக்கிறான். அவனும் நானும் அப்படி ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். குழுவுக்குப் பொதுவான பெட்டகம் ஒன்று தருகிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைத் திறக்கலாம். நான் லாப்ஸ்டரை அடுக்கிக்கொண்டிருக்கும்போது சாட்டில் வந்துவிடும்: “டேய், மூடுடா, நான் உள்ள போகணும்.” மீன் பிடிக்க மட்டும் வர மாட்டேன் என்கிறான். ஃபயர் கேப் வாங்கியவன் கூடை தூக்குவதா என்று கேட்கிறான்.