பழைய மடிக்கணினியும் லினக்ஸ் மின்ட்டும்: ஓடிப்போகும் பக்கங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். ஏழாம் தலைமுறையில் விதிவிலக்காக ஏற்கப்பட்டவை மிகச் சில. இதனால் பெருநிறுவனங்கள் கழித்துவிட்ட ஏழாம் தலைமுறை மடிக்கணினிகளுக்கு சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கேட்கும் விலை, நான் வாங்கியபோது இருந்ததைவிட நன்றாகவே இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருக்கும் என் நண்பர், தாமும் அப்படி ஒன்றை வாங்கி என்னைப் போலவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார். நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில் என்பதால் நாள் முழுவதும் தமிழ்க் கோப்புகளோடுதான் என் பொழுது கழிகிறது. இங்கே சொல்வதை அந்தத் தொழிலின் கண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

கணினியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 14 அங்குலத் திரை, ஐ5 செயலி, நான் 16 ஜிபியாக உயர்த்திக்கொண்ட ரேம், எஸ்எஸ்டி. திரை மங்கல், சற்றுச் சாய்ந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகிறது. விசைப்பலகையோ, இன்று கடையில் புதிதாக விற்கும் இரு மடங்கு விலைக் கணினிகளில்கூட நான் காணாத தரம்: விசை ஆழமாக இறங்கி, விரலுக்கு உறுதியாகப் பதில் சொல்கிறது. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட கணினி என்பதால் அடிமூடியைத் திருகாணி கழற்றித் திறந்து, ரேமையும் எஸ்எஸ்டியையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆறாயிரம் ரூபாய் கூடக் கொடுத்துப் புதிது வாங்கியிருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது.

வாங்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். நிறுவாமலேயே அதிலிருந்து கணினியைத் தொடக்கிப் பார்க்க முடியும் என்பது பழைய கணினி வாங்குகிறவருக்குக் கிடைத்த பெரிய வரம். பென் டிரைவிலிருந்து தொடங்குகிறதா, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போகும்போது பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் கேட்டு வழிமறிக்கிறதா, வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்பதெல்லாம் அங்கேயே நின்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். பேட்டரியின் நிலையையும் கடைக்காரர் சொல்லை நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆற்றல் புள்ளிவிவரத்தைத் திறந்தால் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும்.

மின்ட் 22 என்பது உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04ஐ அடித்தளமாகக் கொண்ட பதிப்பு. 2029 ஏப்ரல் வரை அதற்கு ஆதரவு உண்டு. ஏழாம் தலைமுறைக் கணினி ஒன்றுக்கு இதைவிட நீண்ட ஆயுள் கேட்பது பேராசை. விண்டோஸிலிருந்து வருகிறவருக்குச் மின்ட்டின் திரைமுகப்பான சின்னமன் மேசைத்தளம் அந்நியமாகத் தோன்றாது; புதுப்பித்தல் நடுவேலையில் கணினியைப் பிடுங்கிக்கொள்வதில்லை. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற ஒரு பொதியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடுகிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற அந்த அமைப்பின் சிக்கனம் இங்கே அப்படியே கிடைக்கிறது: ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும், 'ந'வை அடுத்துத் 'த' வந்தால் 'ந்த' ஆகிவிடும். 'தந்தை' என்று எழுத நான்கு விசைகள் போதும். இதுவரை எழுதியதைப் படித்த நண்பர், இதற்குள் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

பொறுங்கள். சிக்கல் அடுத்தவர் எழுதிய கோப்பைத் திறக்கும்போது தொடங்குகிறது.

எனக்கு வரும் கையெழுத்துப்படிகளில் பெரும்பாலானவை வேர்டில் தட்டச்சிட்டவை. எழுத்துரு லதா, அல்லது நிர்மலா யூஐ. இவை விண்டோஸோடு வருகிறவை; லினக்ஸில் இல்லை. வேர்டுக்குப் பதிலாக மின்ட்டோடு வரும் லிபர்ஆபிஸில் கோப்பைத் திறந்தால் மேலே எழுத்துருப் பெட்டியில் 'லதா' என்ற பெயர் சாய்வெழுத்தில் நிற்கும்: பெயர் இருக்கிறது, ஆள் இல்லை என்று பொருள். அதற்குப் பதிலாக நோட்டோவோ லோகித்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுத்துகள் தெளிவாகவே தெரியும்; ஒற்றை எழுத்துகூட உடையாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைச் சமாளிக்க, கலிப்ரிக்கு இணையாகக் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு இணையாக லிபரேஷன் செரிஃப் என்று அளவு பிசகாத மாற்றுகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். லதாவுக்கு அப்படி ஓர் இணை மின்ட்டோடு வருவதில்லை. தமிழ்ச் சொற்களின் நீளம் இதை இன்னும் மோசமாக்குகிறது: வரி முடிவில் 'எடுத்துக்கொள்ளவேண்டியிருந்தது' போன்ற ஒரு சொல் மயிரிழை அளவு இடம் போதாமல் போனால், அது முழுவதுமாக அடுத்த வரிக்கு இறங்கும். ஒரு பத்தியில் ஒரு வரி கூடினால், ஓர் இயலில் ஒரு பக்கம் கூடிவிடும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். முதிய நூலாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, 47ஆம் பக்கம், மேலேயிருந்து மூணாவது வரி, அந்த 'ஆனால்' வேண்டாம்" என்பார். என் திரையில் 47ஆம் பக்கத்து மூன்றாவது வரியில் 'ஆனால்' இருக்காது. அந்த இயலே தொடங்கியிருக்காது. வரியை வாசிக்கச் சொல்லித் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் தரும் திருத்தங்கள் ஒன்றிரண்டா? ஒவ்வொன்றுக்கும் இதே கதை. அவருக்கு நான் அனுப்பும் ஐயப் பட்டியலில் பக்க எண் எழுதினால் அவரும் அங்கே தேடித் திண்டாடுவார். பொருளடைவு தொகுக்கும் வேலை வந்தால் இன்னும் கேட்கவே வேண்டாம்.

வழிகள் இல்லாமல் இல்லை. பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லலாம், சிலர் அனுப்புகிறார்கள். வேர்டில் சேமிக்கும்போதே எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிந்து அனுப்பும் வசதி உண்டு. எழுபது வயதுப் புலவரிடம் அதைத் தொலைபேசியில் விளக்கிப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் ஒருங்குறி எழுத்துருக்களில் ஒன்றை இரு தரப்பும் வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லை. என் சொந்தக் கோப்புகளை அப்படித்தான் வைத்திருக்கிறேன். லதாவை விண்டோஸிலிருந்து நகலெடுத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று சொல்லாதவர் இல்லை. வேலை நடக்கும்தான். ஆனால் அந்த எழுத்துருவின் உரிமம் விண்டோஸுக்குள் பயன்படுத்துவதற்கு மட்டுமே. பிறர் எழுத்துரிமையால் சோறு உண்ணும் தொழிலில் இருந்துகொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே எஸ்எஸ்டியின் ஒரு பகுதியில் விண்டோஸ் 10ஐ அழிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன். ஆதரவு முடிந்துபோன அந்த இயங்குதளத்தை, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பக்கம் எண்ணுவதற்காக மட்டும் திறக்கிறேன். நூலாசிரியர் அழைப்பார் என்று தெரிந்த நாளில் காலையிலேயே அதில் நுழைந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அப்போது தொடுபலகையும் விசைப்பலகையும் அதே கணினியுடையவைதாம். ஆனாலும் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. இதில் மின்ட்டைக் குற்றம் சொல்வது நேர்மையாகாது. பிறருக்கு உரிமையான எழுத்துருவை அது தன்னுடன் தர முடியாது. லிபர்ஆபிஸும் இல்லாத எழுத்துருவின் அகலத்தை எங்கிருந்து கொண்டுவரும்? எல்லாம் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு 47ஆம் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நண்பரின் வேலைக்கு வருகிறேன். அவர் வினாத்தாள் தயாரிக்கிறவர். நான்கு பள்ளிகளின் ஆசிரியர்களிடையே ஒரே வேர்டு கோப்பு சுற்றிவரும். தாள் இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும். அவர் திரையில் கடைசி நெடுவினா மூன்றாம் பக்கத்துக்குத் தாவும். அதை இழுத்துச் சரிசெய்து அனுப்பினால், அடுத்தவர் கணினியில் இரண்டாம் பக்கத்தின் அடியில் கால்பங்கு வெற்றிடமாகக் கிடக்கும். பிறகு ஆசிரியர் அறையில் அவருக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கணினியை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான். ஆனாலும் அவருக்கு என் பதில்: வாங்காதீர்கள். கொஞ்சம் பொறுத்து, விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றைப் பாருங்கள். நேற்று மாலை கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்று காலை நானூறு பக்க நூல் ஒன்றுக்குத் தொலைபேசியில் திருத்தம் வாங்கிவிட்டு எழுதுகிறேன். நான் மாறப் போகிறேனா என்றால், இல்லை.

விலை ஆசை விடாமல் கடைக்குப் போவதாக இருந்தால், பென் டிரைவில் மின்ட்டோடு, போன பருவத் தேர்வின் வினாத்தாள் கோப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். லிபர்ஆபிஸ் அதிலேயே இருக்கிறது. கடையில் நின்றபடியே அந்தக் கோப்பைத் திறந்து, அடிப்பட்டையில் எத்தனை பக்கம் என்று காட்டுகிறது எனப் பாருங்கள். மூன்று என்று காட்டினால் பணத்தைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.