மருந்துக் குப்பியா, மண்வெட்டியா?

அந்தியூர் ஆடிச் சந்தையில் கத்தியவார் குதிரை ஒன்றை வாங்கி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டத்தில் அதற்கு முன்பே இரண்டு நாய்கள் இருந்தன. முதல் மழைக்குப் பிறகு குதிரை ஓயாமல் காலைத் தரையில் அடிக்கத் தொடங்கியது, லாடமே தளர்ந்துவிட்டது. அதே வாரத்தில் ஒரு நாயின் காது நுனி ரத்தம் கட்டிக் கறுத்துப்போனது. சண்டையில் வாங்கிய கடி என்று விட்டுவிட்டேன். ஒரு மதியம் அருகில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பார்வைக்கு வீட்டு ஈ போலத்தான் இருந்தது. ஆனால் தலைக்கு முன்னால் ஊசி போல நீட்டிய வாய். குதிரையின் முன்னங்காலிலும் நாயின் காதிலும் அதே ஈ.

இந்த ஈயை ஒழிக்க மூன்று வழிகள் சொன்னார்கள்: புகை மூட்டம், மருந்து, மண்வெட்டியால் குதிரையின் லத்தி அள்ளுவது. வேப்பிலை மூட்டம் மாலையில் ஒரு மணி நேரம் நிம்மதி தரும். ஆனால் அடைத்த லாயத்தில் புகை குதிரையின் நுரையீரலுக்கு ஆகாது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகளைத் தெளித்தால் அன்றே பலன் தெரியும். வியர்வையிலும் மழையிலும் கரைந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். உடம்பில் வந்து உட்காரும் ஈதான் சாகும். குப்பையில் வளரும் ஈயின் புழு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணி போக்க வாங்கி வைத்த அமிட்ராஸ் குப்பியும் அதே அலமாரியில்தான் இருந்தது. அதைக் குதிரைக்கு அடித்தால் குடல் இயக்கம் நின்று வயிற்றுவலியில் உருளும், உயிரே போகலாம். இருட்டில் ஒரு நாள் வேலையாள் தவறான குப்பியைக் கையில் எடுத்துவிட்டார். தெளிப்பதற்குள் பார்த்துவிட்டேன். அன்றே மனம் மண்வெட்டிப் பக்கம் சாய்ந்துவிட்டது.

மண்வெட்டி என்றால் சும்மா இல்லை. 350 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்குச் சுமார் 15 கிலோ லத்தி போடும். காலையும் மாலையும் அள்ள வேண்டும். ஊருக்குப் போனால் ஆள் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காக அள்ளியும் ஈ குறையவில்லை. வெறுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிளறினேன். சிறுநீரும் தண்ணீரும் ஊறி மட்கிய வைக்கோல், அதற்குள் சோற்றுப் பருக்கை போலப் புழுக்கள். கடிக்கும் ஈ காய்ந்த லத்தியைவிட இப்படி ஊறிய வைக்கோலைத்தான் தேடும் என்பது அப்போதுதான் உறைத்தது. தொட்டியை வெளியே நகர்த்தி, அந்த மூலையைச் சுரண்டி, மணல் போட்டேன். அள்ளிய குப்பையைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறேன். நடுவில் ஏறும் சூட்டில் புழு பிழைப்பதில்லை. விளிம்பு மட்டும் ஆறிக் கிடக்கும், அதனால் வாரம் ஒரு முறை புரட்டிவிடுகிறேன்.

பலன் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. முட்டை ஈயாவதற்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்போது அவசரப்பட்டு என்ன செய்வது?

குதிரை இருக்கும் தோட்டத்தில் நாய்களைக் கட்டிப்போடுவதா, விடுவதா என்பதிலும் அடித்துச் சொல்ல என்னால் முடியாது. என்னிடம் இருப்பவை இரண்டே. சிப்பிப்பாறைக் கலப்பு நாய், ஓடும் எதையும் துரத்தும். குதிரையின் பின்காலுக்கு அருகில் அதை விட மனம் வரவில்லை. குதிரையை மேய விடும் நேரத்தில் அது கம்பிவேலிக்குள் இருக்கும். மற்ற நாட்டு நாய் நிழலில் படுத்தால் எழுந்திருப்பதே பெரிய காரியம், அதற்கு வேலி எதற்கு? இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடுகிறேன். நாய் கடித்தால் அந்த நோய் குதிரைக்கும் வரும். குதிரைக்கு ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து கொடுத்த நாள்களில் லத்தியை உடனே அள்ளி மூடிவிடுகிறேன். நாய் அதைத் தின்னும், அந்த மருந்து சில நாய்களுக்கு நஞ்சு. அங்கும் மண்வெட்டிதான் கைகொடுக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் வந்து வயல்கள் சேறானால் பெரிய மாட்டு ஈ வெளியிலிருந்து பறந்து வருகிறது. அது ஈரச் சேற்றில் பிறப்பது. என் லாயம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் சர்ரா நோயை முக்கியமாகப் பரப்புவதும் அந்த ஈதான். அந்த நாள்களில் குதிரைக்கு முகவலை கட்டி, பெர்மெத்ரினும் தெளிக்கிறேன். அமிட்ராஸ் குப்பி மட்டும் இப்போது வீட்டுக்குள், பூட்டிய பெட்டியில் இருக்கிறது.