கெதியாய் இழுத்தால் இறுகும் கை

பாரிசவாதம் வந்த சித்தப்பாவைப் பார்க்கத்தான் இந்தமுறை லீவு எடுத்தேன். வவுனியாவில் பஸ் மாறி, ஏ9 வீதியால் போய் இறங்க வெயில் மண்டையைப் பிளந்தது. வாட்டில் ஃபேன் ஓடியது. அதுவே பெரிய ஆறுதல்.

முதல் கிழமைகளில் வலக்கை நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்ததாம். இப்போது நாலாம் மாதம். முழங்கை மடிந்து நெஞ்சோடு ஒட்டி, விரல்கள் பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்தியிருந்தன. "நீட்டுங்கோ சித்தப்பா" என்று வெடுக்கென இழுத்தேன். இன்னும் இறுகியது. வீம்பு பிடிக்கிறார் என்றே நினைத்தேன். லண்டனில் முதியோர் இல்லத்தில் எட்டு வருஷமாக வேலை செய்கிற ஆள் நான்!

"அண்ணை, கெதியா இழுக்காதேங்கோ" என்றபடி வாட்டு மிஸ் வந்தா. முழங்கையைக் கீழிருந்து தாங்கி ஆறுதலாய் நீட்டினா, முக்கால்வாசி வந்தது. அதையே கொஞ்சம் வேகமாய்ச் செய்ய, நடுவில் தட்டி நின்றது. மூளையின் கட்டுப்பாடு குறைந்தால், சட்டென்று இழுபடும் தசை தானாகச் சுருங்குமாம். பார்க்கின்சன்காரருக்கு மெல்ல மடக்கினாலும் வேகமாய் மடக்கினாலும் ஒரே இறுக்கம்தானாம். துண்டில், தசை இறுக்கத்தைக் கணிக்கிற ஆஷ்வேர்த் அளவு 2 என்றிருந்தது. 0 என்றால் இறுக்கம் கூடவில்லை. 4 என்றால் மூட்டே அசையாது.

எனக்குக் கோபம் வந்தது தோள்மூட்டைப் பார்த்துத்தான். முதலில் வைத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒன்றும் சொல்லாமல் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். துவண்ட கையைப் பிடித்தே வீட்டில் தூக்கி இருத்தியிருக்கிறார்கள். தாங்கத் தசை இல்லாத மூட்டு இறங்கி, தோளின் கீழ் ஒரு விரல் வைக்கலாம்போல் பள்ளம்.

பக்கத்துக் கட்டில்காரர் 2009இல் முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டவர். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியில்லை. அன்று காலை அவருடைய கால்கள் வழமையைவிட விறைத்து உதறின. மிஸ் குளிசையைத் தேடவில்லை. போர்வையை விலக்கி சலக்குழாயைப் பார்த்தா. தொடைக்கடியில் மடிந்து கிடந்தது. நிமிர்த்திவிட பை நிறைந்தது, கால்கள் மெல்லத் தளர்ந்தன. மலச்சிக்கல், படுக்கைப்புண், நகச்சுற்று எதுவும் இப்படிக் காட்டுமாம்.

"எனக்கு நோகாது தம்பி, கால்தான் மிஸ்ஸைக் கூப்பிடும்" என்று சிரித்தார்.

பின்னேரம் சித்தப்பாவின் கையை மறுபடி பிடித்தேன். சித்தி பக்கத்தில் நின்று, "ஒண்டு... ரெண்டு..." என்று எண்ணினா. பதினெட்டில் பெருவிரல் வெளியே வந்தது.