பி.இ.யா, டிப்ளமோவா: சந்தேகத்தோடு நிற்கிறவனுக்கு

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கட்-ஆஃப் 200-க்கு 148. அக்கா வீட்டுக்காரருக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, பையன் பி.இ. சேர்ந்தே ஆக வேண்டும் என்கிறார். பையனோ தட்டுவடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இன்ஜினியரிங் ஒத்துவருமான்னே தெரியல மாமா" என்கிறான். இதே குழப்பத்தில் நான் அன்று எடுத்தது டிப்ளமோ. அதனால் என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு டிப்ளமோவுக்குக் குறைவு, கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள பி.இ. அழகு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நடுவில் மனசு மாறினால் கையில் என்ன இருக்கும்?

என்னோடு பிளஸ் டூ படித்தவன் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. சேர்ந்தான். முதல் செமஸ்டர் கணிதத்தில் விழுந்த அரியர் கூடவே வந்து, நாலாவது செமஸ்டரில் ஏழாகிவிட்டது. போதும் என்று வெளியே வந்தான். இரண்டு வருடக் கட்டணம் போனது. கையில் மிஞ்சியது அதே பிளஸ் டூ மார்க் ஷீட்.

நான் பிளஸ் டூ முடித்திருந்ததால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் டிப்ளமோ கையில். அங்கேயே நின்றிருந்தாலும் பிழைத்திருப்பேன். ஆனால் லேத்தில் கை பழகிய பிறகுதான் மெக்கானிக்கல் எனக்குப் பிடிக்கிறது என்றே தெரிந்தது. அப்புறம் டிப்ளமோ முடித்தவர்களை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்க்கும் லேட்டரல் என்ட்ரியில், கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. அந்தக் கலந்தாய்வில் பார்ப்பது டிப்ளமோ மதிப்பெண். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கூட்டிய பழைய கட்-ஆஃபை யாரும் கேட்கவில்லை. 148 எடுத்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

நஷ்டமும் உண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து; நேராகச் சேர்ந்தவன் நான்கில் முடிக்கிறான். அக்கா வீட்டுக்காரர் கையில் எடுப்பது இந்த ஒரு வருடத்தைத்தான். கணிதத்திலும் திணறினேன். டிராயிங்கிலும் பட்டறை வேலையிலும் டிப்ளமோ முடித்து வந்த எங்களை யாரும் மிஞ்சவில்லை, ஆனால் இன்டக்ரேஷன் வந்தால் நேராக வந்த பசங்க நோட்டைத்தான் வாங்க வேண்டும். நாங்கள் உள்ளே நுழைந்த அந்த மூன்றாவது செமஸ்டரை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். நான் சொல்வதும் மெக்கானிக்கல் படித்தவன் சொல்வது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு அப்படியே பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன்.

பி.எஸ்சி.? அது என் தங்கை போன வழி. கணிதம் படித்து, பி.எட். முடித்து, இப்போது பள்ளியில் டீச்சர். பிளஸ் டூவில் கணிதம் இருந்தால் பி.எஸ்சி. முடித்தவர்களும் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் மூன்றும் மூன்றும் ஆறு வருடம். வாத்தியார் வேலையிலோ குரூப் 2 தேர்விலோ கண் இருந்தால் நல்ல வழி. இன்ஜினியரிங் பாதி மனசில் இருக்கிறவனுக்கு அது சுற்று வழி.

ஒரு சாரார் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவர்கள் நல்ல கல்லூரி கிடைத்தால் பி.இ.யையே எடுக்கலாம், பணம் போகும் பயம் பெரும்பாலும் இல்லை. எங்கள் பையன் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளி. அந்தக் கதவு அவனுக்கு இல்லை.